சாலையில் பிறந்த அச்சம்: ஒரு திரைப்படம் சொல்லும் வரலாறு



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டு, செப்பேடு, பழைய நாணயம் ஆகியவையே வரலாற்றுக்குச் சான்றுகள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால், கடந்த நூறாண்டு காலத்தின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்னொரு சான்றும் கிடைத்திருக்கிறது. அதுதான் திரைப்படம். பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது அக்கால மக்கள் எப்படி உடுத்தினார்கள், எவ்வாறு பேசினார்கள், எந்த வண்டியில் சென்றார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. அதற்கும் மேலாக, அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதும் தெரிகிறது.

அச்சத்தை அறிய வேண்டுமானால், வருங்காலத்தைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்க வேண்டும். 'கலி முற்றிவிட்டது, இனி என்னென்ன நடக்கப் போகிறதோ' என்று மாலை நேரத்தில் லயத்து வாசலில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். வருங்காலத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில், அன்று காலையில் காதில் விழுந்த ஒரு செய்திதான் அவர்களை அப்படிப் பேச வைத்திருக்கும். திரைப்படக்காரர்களும் அவ்வாறே. உலகம் கெட்டுச் சீரழிந்துவிட்ட ஒரு வருங்காலத்தை அவர்கள் படமாக எடுக்கிறார்கள் என்றால், அந்தப் படத்தின் வேர் அவர்கள் வாழும் காலத்தில்தான் இருக்கும்.

அத்தகைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் வேரைத் தோண்டிப் பார்ப்பதே இன்றைய நம் உரையின் நோக்கம். 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த 'மேட் மேக்ஸ்' என்பதே அந்தப் படம். வெறிகொண்ட மேக்ஸ் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

கதை

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இஃது இன்னும் சில ஆண்டுகளில் நடக்கப்போவது என்று தொடக்கத்திலேயே படம் சொல்லிவிடுகிறது. நாடு முற்றாக அழிந்துவிடவில்லை. கடைகள் இருக்கின்றன. இரயில் ஓடுகிறது. மருத்துவமனையும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆனால், எல்லாவற்றிலும் ஒரு தளர்ச்சி. காவல் துறையின் தலைமைக் கட்டடமே பாழடைந்து கிடக்கிறது. நெடுஞ்சாலைகளில் குண்டர் கும்பல்கள் மோட்டார் சைக்கிளில் திரிகின்றன. அவர்களைத் துரத்திப் பிடிக்கும் காவலர்களில் ஒருவன்தான் மேக்ஸ்.

காவலரைக் கொன்றுவிட்டுத் தப்பிய ஒருவனை மேக்ஸ் துரத்துகிறான். துரத்தலின் முடிவில் அவன் விபத்தில் மாள்கிறான். பழிவாங்க அவனுடைய கூட்டம் வருகிறது. வந்த இடத்தில் ஒரு சிற்றூரையே நடுங்க வைக்கிறது. இளைஞன் ஒருவனையும் அவனோடிருந்த பெண்ணையும் கொடுமைப்படுத்துகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவன் காவலரிடம் சிக்கிக்கொள்கிறான். வழக்கும் வருகிறது. ஆனால், சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்த ஊராரும் வரவில்லை. எல்லாரையும் அச்சம் கட்டிப்போட்டுவிட்டது. பிடிபட்டவனை விடுவித்துவிடுகிறார்கள்.

நேயர்களே, படம் முழுவதும் கார்கள் மோதுகின்றன, தீப்பிடிக்கின்றன. ஆயினும், சாட்சி இல்லாமல் வழக்கு கைவிடப்படும் அந்தச் சிறிய காட்சிதான் கதையின் திருப்புமுனை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அதன் விளைவே.

விடுபட்டவனும் அவன் கூட்டமும் மேக்ஸின் நண்பனான காவலனைக் கவிழ்ந்த வண்டிக்குள் வைத்துக் கொளுத்துகிறார்கள். மேக்ஸ் வேலையை விட்டுவிட எண்ணுகிறான். அதற்கு அவன் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. இந்தச் சாலையில் இன்னும் சில நாள் இருந்தால் தானும் அந்தக் குண்டர்களில் ஒருவனாகிவிடுவோம், சட்டையில் குத்திய காவலர் சின்னம் ஒன்றுதான் வேறுபாடாக இருக்கும் என்று அவன் அஞ்சுகிறான். மேலதிகாரி அவனுக்கு விடுமுறை கொடுத்து அனுப்புகிறார். மனைவியோடும் குழந்தையோடும் சென்ற இடத்திற்கும் அந்தக் கும்பல் வந்து சேர்கிறது. குழந்தையைச் சாலையில் மோதிக் கொன்றுவிடுகிறார்கள். மனைவி மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகிறாள்.

மேக்ஸ் காவல் துறையின் கறுப்புக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். ஒருவர் பின் ஒருவராக அவர்களை ஒழிக்கிறான். கடைசியில் தனியே காரோட்டிச் செல்கிறான். முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. ஒரு காவலன் எதைக் கண்டு அஞ்சினானோ அதுவாகவே ஆகிவிட்டான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே அந்த வேலி, பயிர் அழிந்துபோன துயரத்தில் தானே முள்ளாகிவிட்டது.

மருத்துவர் எடுத்த படம்

இனி, இதை எடுத்தவர் யார் என்று பார்ப்போம். இயக்குநரின் பெயர் ஜார்ஜ் மில்லர். 1945-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சின்சில்லா என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். மில்லர் முதலில் கற்றது திரைப்படக் கலையை அன்று, மருத்துவத்தை. சிட்னி நகரின் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். அங்கே அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் சாலை விபத்தில் சிதைந்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் இளைஞர் பலர். அதற்கு முன்பே, சிற்றூரில் வளர்ந்த காலத்தில் தம் நண்பர்கள் சிலரையும் அவர் சாலை விபத்தில் இழந்திருந்தார்.

1971-இல் ஒரு திரைப்படப் பயிற்சிப் பட்டறையில் பைரன் கென்னடி என்ற இளைஞரை மில்லர் சந்தித்தார். இருவரும் நண்பர்களாகிப் படம் எடுக்க முற்பட்டார்கள். கதையை எழுதுவதில் ஜேம்ஸ் மெக்காஸ்லண்ட் என்ற பத்திரிகையாளர் துணை நின்றார். ஆக, ஒரு மருத்துவர், ஒரு படத்தயாரிப்பாளர், ஒரு பத்திரிகையாளர் ஆகிய மூவரும் சேர்ந்து செய்த படைப்பு இது. மருத்துவர் சாலையில் சிந்திய இரத்தத்தைப் பார்த்தவர். பத்திரிகையாளர் பார்த்தது பெட்ரோல் நிலையத்தின் வரிசையை. இவ்விரண்டையும் தனித்தனியே காண்போம்.

சாலையில் சிந்திய இரத்தம்

ஆஸ்திரேலியா பரந்த நாடு. ஊருக்கும் ஊருக்கும் இடையே தொலைவு மிகுதி. வளைவு நெளிவின்றி நெடுந்தூரம் ஓடும் சாலைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே வீட்டுக்கு வீடு கார் வந்தது. 1960-களிலும் 1970-களிலும் பெரிய இயந்திரம் பூட்டிய விரைவுக் கார்கள் மீது இளைஞர்களுக்குத் தீராத மோகம். மதுக்கடையிலிருந்து நேரே காரோட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதை அன்று பெரிய குற்றமாக யாரும் கருதவில்லை.

விளைவு என்ன? 1970-ஆம் ஆண்டில் மட்டும் ஆஸ்திரேலியச் சாலைகளில் இறந்தவர்கள் 3,798 பேர். அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் ஒன்றேகால் கோடிதான். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வீதம் ஆண்டு முழுவதும் மாண்டார்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். போர் நடக்காத நாட்டில் இந்தச் சாவு. காயமடைந்தவர்களின் எண்ணிக்கை இதற்கும் மேல்.

1972-இல் இன்னொரு பரபரப்பு எழுந்தது. மணிக்கு 160 மைல் வேகத்தில் ஓடவல்ல கார்களைப் பொதுச் சாலைக்கு விற்கப் போகிறார்கள் என்று செய்தித்தாள் ஒன்று எழுதியது. அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தார்கள். கார் நிறுவனங்கள் அந்தத் திட்டங்களைக் கைவிட்டன. வேகம் என்பது ஆஸ்திரேலியர்க்கு ஒரே நேரத்தில் ஆசையாகவும் அச்சமாகவும் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. 'மேட் மேக்ஸ்' படத்தில் கதாநாயகன் ஓட்டும் கறுப்புக் கார், அந்தக் காலத்து ஃபோர்டு ஃபால்கன் வகையைச் சேர்ந்ததே. அந்நாட்டு மக்கள் தெருவில் பார்த்துப் பழகிய வண்டியைத்தான் படம் எமனின் ஊர்தியாகக் காட்டியது.

பெட்ரோல் நிலையத்து வரிசை

அடுத்து, பெட்ரோல். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்தியக் கிழக்கில் போர் மூண்டது. அரபு எண்ணெய் நாடுகள், இஸ்ரேலுக்குத் துணை நின்ற நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 அமெரிக்க வெள்ளியாக இருந்த எண்ணெய் விலை, சில மாதங்களுக்குள் 12 வெள்ளியை நெருங்கியது. நான்கு மடங்கு உயர்வு! உலகமெங்கும் பொருள்களின் விலை ஏறியது. செயற்கை ரப்பரும் எண்ணெயிலிருந்தே செய்யப்படுவதால், மரத்தில் பால் எடுக்கும் நம்மவர்களின் தொழிலையும் அந்த விலை உயர்வு தொடாமல் போகவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமாகவே எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. ஆயினும், எண்ணெய்த் தொழிலில் நடந்த வேலை நிறுத்தங்களால் அங்கும் பல பெட்ரோல் நிலையங்கள் வறண்டு போயின. திறந்திருந்த நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. வரிசையை மீறி முன்னால் நுழைய முயன்றவர்கள் அடி உதைக்கு ஆளானார்கள். நேற்று வரை ஒழுங்காக வாழ்ந்த குடும்பத் தலைவர்கள், ஒரு தொட்டி பெட்ரோலுக்காகக் கையை ஓங்கினார்கள். வண்டியை ஓட வைப்பதற்காக மனிதர்கள் எதையும் செய்வார்கள் என்ற எண்ணத்தின் மீதுதான் கதையை அமைத்ததாக மெக்காஸ்லண்ட் பிற்காலத்தில் எழுதினார்.

இதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஒழுங்கு என்பது மலைபோல் அசையாமல் நிற்பது அன்று. நாள்தோறும் கிடைக்கும் பொருள் கிடைக்காமற் போனால், மூன்றே நாளில் வரிசை குலைந்துவிடும். பஞ்ச காலத்தையும் போர்க் காலத்தையும் கண்ட நம் பாட்டன் பாட்டிமார்க்கு இதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செழிப்பான நாட்டில் பிறந்து வளர்ந்த ஆஸ்திரேலிய இளைஞர்களுக்கு அஃது ஒரு புதிய பாடமாக இருந்தது.

கைப்பணத்தில் பிறந்த படம்

படம் எடுக்கப்பட்ட விதத்தையும் சிறிது சொல்ல வேண்டும். இத்தகைய கதைக்கு அரசாங்கத்தின் திரைப்பட நிதி கிடைக்காது என்று நண்பர்கள் இருவரும் எண்ணினார்கள். தெரிந்தவர்களிடமும் தனியார் முதலீட்டாளர்களிடமும் பணம் திரட்டினார்கள். பணம் சேர்ப்பதற்காக மில்லர் சில மாதங்கள் அவசர மருத்துவராக வீடு வீடாகச் சென்று பணி செய்தார். கென்னடி அவருக்குக் காரோட்டினார். இப்படிச் சேர்ந்த தொகை 350,000 முதல் 400,000 ஆஸ்திரேலிய வெள்ளி வரை இருக்கும். ஒரு முழுநீளப் படத்துக்கு அது மிகச் சிறிய தொகை.

1977-ஆம் ஆண்டின் இறுதியில் மெல்பர்ன் நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் படப்பிடிப்பு தொடங்கியது. காவலர் உடைகள் பெரும்பாலும் உண்மையான தோல் அல்ல. விலை மலிவான வினைல். படத்தில் மோதி உடையும் வேன் ஒன்று இயக்குநரின் சொந்த வண்டி. மோட்டார் சைக்கிளில் வரும் குண்டர்களில் சிலர் உண்மையிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். கதாநாயகனாக நடித்த மெல் கிப்சன் அப்போது பெயர் தெரியாத இளைஞர். எடுத்த படத்தைப் பல மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டினார்கள். பேச்சைக் குறைத்து, அசைவைக் கொண்டே கதை சொல்ல வேண்டும் என்பது மில்லரின் எண்ணம். ஊமைப்படக் காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் படங்களைப் பார்த்து அவர் அந்த முறையைக் கற்றார். திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படத்தை, மொழி புரியாமலே கடைசி வரை பார்த்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கலையின் ஆற்றல் அவர்களுக்குத் தெரியும்.

போற்றலும் தூற்றலும்

படம் வெளிவந்ததும் இரு வேறு குரல்கள் எழுந்தன. ஒரு பக்கம் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். உலகம் முழுவதும் அது ஈட்டிய தொகை 10 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போட்ட முதலுக்கு மிக அதிகமான ஆதாயம் தந்த படம் என்று கின்னஸ் சாதனை நூலில் அது பல ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. 1999-ஆம் ஆண்டில்தான் வேறொரு படம் அதை முந்தியது. அமெரிக்காவில் வெளியிட்டபோது, ஆஸ்திரேலிய உச்சரிப்பு அங்குள்ளவர்க்கு விளங்காது என்று கருதி, நடிகர்களின் குரலையே மாற்றி அமெரிக்கக் குரலில் பேச வைத்தார்கள் என்பது வேடிக்கையான செய்தி.

மறுபக்கம் கடுமையான எதிர்ப்பும் வந்தது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் பிலிப் ஆடம்ஸ், இது வன்முறைக்கு விருந்து வைக்கும் படம் என்று சாடினார். நியூசிலாந்து 1979-இல் படத்தைத் தடை செய்து, 1983-இல்தான் அனுமதித்தது. சுவீடனில் அந்தத் தடை 2005-ஆம் ஆண்டு வரை நீடித்தது.

எந்தக் குரல் சரி? எதிர்த்தவர்களின் கவலையைப் புறந்தள்ளிவிட முடியாது. கறுப்புக் கார் சீறிப் பாய்வதைப் பார்க்கும் இளைஞனுக்கு எச்சரிக்கை தோன்றுமா, ஆசை தோன்றுமா? இரண்டும் தோன்றலாம். நெருப்பு சுடும் என்று காட்டுவதற்காக மூட்டிய நெருப்பிலேயே குளிர்காய்பவர்களும் உண்டு. ஆனாலும், கதையைக் கடைசி வரை கவனித்தவர்கள் மேக்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டார்கள். பழிவாங்கி முடித்தபின் அவனுக்கு வீடில்லை, குழந்தை இல்லை, நண்பன் இல்லை, தொழிலும் இல்லை. அவனிடம் எஞ்சியிருப்பது ஒரு காரும் ஒரு சாலையும் மட்டுமே.

நடந்தது என்ன?

நேயர்களே, இனித்தான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வருகிறது. படம் அஞ்சிய அந்த வருங்காலம் வந்ததா? இன்னும் சில ஆண்டுகளில் என்று படம் சொன்னதே, அந்தச் சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியச் சாலைகள் என்ன ஆயின?

அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். படம் எடுக்கப்பட்ட விக்டோரியா மாநிலத்தில் 1969-ஆம் ஆண்டில் 1,034 பேர் சாலையில் இறந்தார்கள். மெல்பர்ன் நாளேடான 'சன்' 1970-இல் அந்த எண்ணையே தலைப்பாக்கி, 1,034 என்ற எண்ணின் மீது போர் தொடுப்போம் என்று இயக்கம் நடத்தியது. அறுவை மருத்துவர்களின் சங்கமும் சேர்ந்துகொண்டது. நாள்தோறும் சிதைந்த உடல்களைத் தைத்துக்கொண்டிருந்த அம்மருத்துவர்கள், இந்தக் காயங்களில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்று அரசுக்கு எடுத்துச் சொன்னார்கள். 1970-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், காரில் சீட் பெல்ட் என்னும் இருக்கைப் பட்டையைக் கட்டாயம் அணிய வேண்டும் என்ற சட்டத்தை விக்டோரியா இயற்றியது. உலகிலேயே அத்தகைய சட்டம் முதன்முதலில் வந்தது அங்கேதான். சில ஆண்டுகளில் மற்ற மாநிலங்களும் பின்பற்றின.

குடித்துவிட்டு ஓட்டுவோரையும் சட்டம் விடவில்லை. இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விக்டோரியா 1966-இலேயே விதித்திருந்தது. 1976-இல், சாலையில் எந்த வண்டியையும் நிறுத்தி ஓட்டுநரை ஊதச் சொல்லிச் சோதிக்கும் அதிகாரம் காவலர்க்குக் கிடைத்தது. 1982-இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் அம்முறையைத் தொடங்கியது. சாலைகளைத் திருத்தினார்கள். கார்களின் அமைப்பை மாற்றினார்கள். வேகத்தைப் படம்பிடிக்கும் கருவிகளை வைத்தார்கள்.

முதலில் மக்கள் முணுமுணுத்தார்கள். பட்டையைக் கட்டினால் சட்டை கசங்குகிறது, மூச்சு முட்டுகிறது, என் காரில் நான் எப்படி உட்கார்ந்தால் அரசுக்கு என்ன என்றெல்லாம் பேசினார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். அதன் பயனைக் கேளுங்கள். 1970-இல் விக்டோரியா மாநிலச் சாலைகளில் இறந்தவர்கள் 1,061 பேர். 2018-இல் அந்த எண்ணிக்கை 220-க்கும் கீழே இறங்கியது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1970-இல் 3,798 ஆக இருந்தது 2018-இல் 1,200-க்கும் கீழ். இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகையோ ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டரைக் கோடியாக, அதாவது இருமடங்காகப் பெருகியிருந்தது. வண்டிகளும் பன்மடங்கு பெருகியிருந்தன.

இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அறுவை மருத்துவர்களும் மருத்துவர் மில்லரும் பார்த்தவை ஒரே வகைக் காயங்கள். மில்லர் அந்தக் காயங்களிலிருந்து ஓர் அச்சக் கனவைச் செய்தார். மற்றவர்கள் அவற்றிலிருந்து ஒரு சட்டத்தைச் செய்தார்கள். கனவு உலகப் புகழ் பெற்றது. சட்டத்தைச் செய்தவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது. ஆயினும், மேக்ஸின் உலகம் வாராமல் தடுத்தது இரண்டு அங்குல அகலமுள்ள ஒரு துணிப்பட்டையும், அதை அணியச் சொன்ன சட்டமும், அதை ஏற்று நடந்த சாதாரண மக்களுமே ஆவர்.

கதையின் வளர்ச்சி

பெட்ரோல் பற்றிய அச்சமோ அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. படம் வந்த 1979-ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி நடந்து, எண்ணெய் விலை மறுபடியும் இருமடங்குக்கு மேல் ஏறத் தொடங்கியது. அமெரிக்காவில் மீண்டும் கார்கள் வரிசையில் நின்றன. ஆகவே, 1981-இல் வந்த இரண்டாம் படத்தில் பெட்ரோலே கதையின் நடுவில் வந்து நின்றது. நகரங்கள் அழிந்த பிறகு, பாலைநிலத்தில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காக்கப் போராடும் மக்களின் கதை அது. அதை ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரத்தின் அருகே எடுத்தார்கள். 1983-இல் பைரன் கென்னடி ஹெலிகாப்டர் விபத்தில் காலமானார். 1985-இல் மூன்றாம் படம் வந்தது. முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2015-இல் நான்காம் படம் வந்து ஆறு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் பெட்ரோலோடு தண்ணீரும் சண்டைக்குரிய பொருளாகிவிட்டது. 2024-இல் ஐந்தாம் படமும் வெளிவந்தது. ஒவ்வொரு காலத்துக்கும் அதனதன் அச்சம், அவ்வச்சத்துக்கேற்ற மேக்ஸ்.

நாம் பெறும் பாடம்

இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? உலகம் ஒரே நாளில் கெடுவதில்லை. சாட்சி சொல்ல அஞ்சி வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் நாளில் சிறிது கெடுகிறது. வரிசையை மீறி நுழையும் நாளில் இன்னும் சிறிது கெடுகிறது. அதேபோல், அது திருந்துவதும் ஒரே நாளில் அன்று. ஒருவர் பட்டையை மாட்டுகிறார்; ஒருவர் குடித்த அன்று வண்டியைத் தொடாமல் நடந்து வீடு போகிறார்; ஒருவர் கண்ணால் கண்டதைத் துணிந்து சொல்கிறார். எண்ணிக்கை குறைகிறது.

மலேசியாவில் 1973-ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அப்படியிருந்தும், இந்நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். தோட்டத்துச் செம்மண் பாதைதானே, கடைக்குப் போய்வரப் பத்து நிமிடந்தானே என்று தலைக்கவசத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் பல வீடுகளின் விளக்கு அணைந்திருக்கிறது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய படங்களைப் பார்த்தால், பார்க்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தப் படத்தை எடுத்தவர் ஒரு மருத்துவர் என்று சொல்லுங்கள். அவர் யாருடைய காயத்தைப் பார்த்து அதை எடுத்தார் என்றும் சொல்லுங்கள். அதன்பின் ஆணியில் தொங்கும் தலைக்கவசத்தை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள்.